தணலில் சுட்ட பான்கேக், அசல் மேப்பிள் சிரப்: ஆயிரம் ரூபாய்க்கு அதில் என்ன இருக்கிறது?

6 ஜனவரி 2025, இரவு 9.10 (கேள்வி)

போன வாரம் கனகபுரா பக்கம் ஒரு தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்கினோம். கூட வந்தவர் காலையில் தீ மூட்டி பான்கேக் சுட்டு, மேப்பிள் சிரப் ஊற்றிக் கொடுத்தார். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். எனக்கு அது கோதுமை தோசை மேல் சர்க்கரைப் பாகு ஊற்றின மாதிரிதான் இருந்தது. ஒரு சின்ன பாட்டில் ஆயிரம் ரூபாயாம். கருப்பட்டிப் பாகு காய்ச்சி ஊற்றினால் போதாதா? பெங்களூரில் இருக்கிற நமக்கு இது எதற்கு?

6 ஜனவரி, இரவு 10.45

முதலில் பாட்டிலின் பின்பக்கம் என்ன எழுதியிருந்தது என்று பார்த்தீர்களா? அசல் மேப்பிள் சிரப்பில் ஒரே ஒரு பொருள்தான் இருக்கும்: மேப்பிள் மரத்தில் வடியும் நீரைக் காய்ச்சின பாகு. ‘பான்கேக் சிரப்’ என்று விற்பது வேறு. அது சோளத்திலிருந்து எடுத்த சர்க்கரைப் பாகு. நிறத்துக்கு ஒன்று, வாசனைக்கு ஒன்று, கெட்டியாவதற்கு ஒன்று என்று சேர்த்திருப்பார்கள். நானும் ஒருமுறை கடையில் அவசரமாக எடுத்து ஏமாந்திருக்கிறேன். முன்பக்கம் பெரிய இலைப் படம், பின்பக்கம் மேப்பிள் மரமே கிடையாது.

ஊற்றும்போதே தெரிந்துவிடும். போலி தேன் மாதிரி மெதுவாக, கனமாக விழும். அசல் நாம் நினைப்பதைவிட நீர்த்து ஓடும், பான்கேக்குக்குள் இறங்கிவிடும். நீங்கள் சாப்பிட்டது மேலேயே பளபளவென்று நின்றதா, உள்ளே போனதா?

6 ஜனவரி, இரவு 11.40

விலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

அக்காவும் அத்தானும் கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறார்கள். 2019 மார்ச் கடைசியில் நான் அங்கே போயிருந்தபோது, வடக்கே ஒன்றரை மணி நேரம் காரில் கூட்டிப்போய் மேப்பிள் காய்ச்சும் கொட்டகையைக் காட்டினார்கள். காட்டுக்குள் முழங்கால் அளவு பனி. மரத்தில் சின்னத் துளை போட்டு, குழாய் செருகி, வாளி தொங்கவிட்டிருந்தார்கள். வாளியில் இருந்ததை ஒரு மடக்கு குடித்துப் பார்த்தேன். தண்ணீர். கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஏதோ இனிப்பு மாதிரி ஒன்று வந்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். அதில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் சர்க்கரை. 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் சிரப். மீதி 39 லிட்டரும் ஆவியாகப் போக வேண்டும். நீங்கள் கொடுக்கிற காசில் பெரும்பகுதி அந்த ஆவிக்குத்தான்.

அதுவும் வருஷம் முழுக்கக் கிடைக்காது. இரவில் உறைபனி, பகலில் பனி உருகும் வெயில், இந்த இரண்டும் மாறி மாறி வரும் ஐந்தாறு வாரம்தான். மரம் மொட்டு விட ஆரம்பித்தால் சுவை கெட்டுவிடும், நிறுத்திவிடுவார்கள்.

7 ஜனவரி, மதியம்

கருப்பட்டிப் பாகு போதாதா என்று கேட்டது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் நான் சாத்தான்குளத்துக்காரன். தாத்தா பனையேறி. ஆச்சி விடிலியில் பதனி காய்ச்சினவள். விடிலி என்றால் பனங்காட்டுக்குள் ஓலையில் போட்ட குடிசை; அடுப்பும் அண்டாவுமாக நாலைந்து மாதம் குடும்பமே அங்கேதான் கிடக்கும்.

அந்தக் கனடாக் கொட்டகைக்குள் நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். புகை, ஆவி, இனிப்பு வாசனை, விறகு தள்ளுகிற ஆள், எல்லாம் அதேதான். கூரை மட்டும் தகரம். அகலமான தட்டையான அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. நுரை சட்டென்று பொங்கி விளிம்புக்கு வந்தது. அங்கிருந்தவர் ஒரு சொட்டு வெண்ணெயை விட்டார், நுரை அப்படியே அமுங்கியது. எங்கள் ஆச்சி அதே வேலைக்கு ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவாள். இரண்டிலும் எண்ணெய்ப் பசைதான் நுரையை உடைக்கிறது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, ஒருவரை ஒருவர் கேள்விப்படாத இரண்டு ஜனங்கள் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் காடுகளின் ஆதிகுடிகள் ஐரோப்பியர்கள் கப்பலில் வந்து இறங்குவதற்கு முன்பிருந்தே மேப்பிள் நீரைக் காய்ச்சியவர்கள்.

ஆகவே என் பதில்: கருப்பட்டிப் பாகு தாராளமாக ஊற்றலாம். ஆனால் ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்பது சரியில்லை. மேப்பிளின் ருசி மரத்திலிருந்து அப்படியே வருவதில்லை. காய்ச்சுகிற நெருப்பில்தான் உண்டாகிறது. கருப்பட்டிக்கும் அதுவே. இவை அண்ணன் தம்பி மாதிரி, முகஜாடை ஒன்று, குணம் வேறு.

8 ஜனவரி, காலை 7.20

‘மேப்பிள் வாசனை எப்படி இருக்கும் என்று வார்த்தையில் சொல்லுங்கள்’ என்று கேட்டவருக்கு: உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. வெந்தயத்தை வெறும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து, கருகுவதற்கு முன் இறக்கி மூக்கருகே கொண்டு போங்கள். கசப்பை விட்டுவிட்டு அந்த இனிப்பு நெடியை மட்டும் கவனியுங்கள். சோடலோன் என்ற ஒரே பொருள்தான் இரண்டு வாசனைக்கும் பின்னால் இருக்கிறது. போலி சிரப்புக்கு மணமூட்ட வெந்தயச் சாறு பயன்படுத்துவதும் இதனால்தான்.

நியூயார்க்கில் 2005 முதல் சில வருஷங்கள், திடீர் திடீரென்று ஊர் முழுக்க மேப்பிள் சிரப் வாசனை அடிக்கும். ஜனங்கள் பயந்துபோய் அவசர எண்ணுக்கெல்லாம் போன் செய்தார்கள். 2009இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் ஒரு தொழிற்சாலை வெந்தயத்தைப் பதப்படுத்தியபோது காற்றில் வந்த வாசனை. நம் வீட்டு அம்மாக்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

9 ஜனவரி

லால்பாக்கில் மேப்பிள் மரம் நட்டால் நமக்கும் வடியுமா என்ற கேள்விக்கு: வடியாது. உறைபனி இல்லாமல், மரத்துக்குள் நீரை வெளியே தள்ளுகிற அழுத்தம் வராது. பெங்களூர் ஜனவரிக் குளிர் நமக்குத்தான் குளிர்.

12 ஜனவரி, இரவு

பொங்கல் முடிந்த சனிக்கிழமை நாங்கள் நாலு குடும்பம் போகிறோம். மாகடி தாண்டி ஒரு நண்பரின் ராகி நிலம், அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கிறது. கேள்வி கேட்டவரையும் கூப்பிட்டேன், வேலை இருக்கிறதாம்.

மாவு பற்றிப் பலர் கேட்டதால் என் கணக்கு. ஒரு கப் மைதா, ஒரு கப் கோதுமை மாவு, மூன்று டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு. இதை வீட்டிலேயே கலந்து டப்பாவில் போட்டுவிடுவேன். அங்கே போய் இரண்டு முட்டை, இரண்டு கப் பால், உருக்கின வெண்ணெய் மூன்று ஸ்பூன். சர்க்கரை போடவே மாட்டேன். மேலே சிரப் வரப்போகிறது, அதற்கு இடம் விட வேண்டும்.

மூன்று வருஷம் முன்னால், நேரம் மிச்சமாகும் என்று முந்தின இரவே மாவைக் கரைத்து தண்ணீர் பாட்டிலில் அடைத்து எடுத்துப்போனேன். தோசை மாவு பழக்கம், புளித்தால் நல்லது என்று கை தானாகச் செய்துவிட்டது. பேக்கிங் பவுடரின் வேகம் ராத்திரியே தீர்ந்துபோய், காலையில் செருப்புத் தோல் மாதிரி வந்தது. குழந்தைகள் பிஸ்கட் சாப்பிட்டார்கள். இப்போது கல் காய்ந்த பிறகுதான் பாலை ஊற்றுகிறேன். கட்டி கட்டியாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும், கடைந்தால் ரப்பராகும்.

19 ஜனவரி, இரவு 8.30

வந்துவிட்டோம். உடம்பெல்லாம் புகை வாசனை. ஞாபகம் இருக்கும்போதே எழுதுகிறேன்.

விறகு. தோட்டத்து ஓரத்தில் தைல மரச் சுள்ளிகள் கிடந்தன, பிள்ளைகள் ஆசையாகப் பொறுக்கி வந்தார்கள். முதல் ஈடு முழுக்க தலைவலித் தைலம் தடவின மாதிரி வாசனை. அந்தத் தீயை ஒதுக்கிவிட்டு, காரில் கொண்டுபோன சவுக்கையும் கொட்டாங்குச்சியையும் வைத்து வேறு மூட்டினோம். சுடர் இருக்கும்போது கல்லை வைக்கவே கூடாது. அரை மணி நேரம் பொறுத்தால் சுடர் அடங்கிக் கங்கு சாம்பல் பூத்து நிற்கும். அப்போது மூன்று கல்லின் மேல் இரும்பு தோசைக்கல்லை வைத்தேன்.

வெங்காயம். பழக்க தோஷத்தில் வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெய் தொட்டுக் கல்லில் தேய்த்துவிட்டேன். தோசைக்கு அது அமிர்தம். மேப்பிளோடு அது சேரவே இல்லை, இரண்டு பேரும் வாய்க்குள் சண்டை போட்டார்கள். உடனே உருளைக்கிழங்குக்கு மாறினேன். ஆனாலும் கல் லேசில் மறக்காது. மூன்று பான்கேக் வரை வெங்காயம் எட்டிப் பார்த்தது. பான்கேக்குக்கென்று தனிக் கல் வைத்துக்கொள்வது நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

சூடு. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓடுகிற சூடு பான்கேக்குக்கு அதிகம். விழுந்த இடத்திலேயே கொதித்துச் சுண்டினால் போதும். மாவை ஊற்றி ஒன்றரை நிமிஷத்தில் மேலே குமிழி வரும். குமிழி உடைந்து, ஓட்டை மூடாமல் அப்படியே நின்றால் திருப்பலாம். ஊத்தப்பம் பார்த்துப் பழகின கண்ணுக்கு இது சுலபம். திருப்பின பிறகு கரண்டியால் அழுத்தாதீர்கள், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கை அங்கேதான் போகிறது.

சிரப். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த சிரப்பை ஊற்றினால் பான்கேக் ஆறிவிடும், வாசனையும் எழும்பாது. கண்ணாடி பாட்டிலைத் தீயருகே வைக்க எனக்குப் பயம். எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தினேன்.

காலை ஏழு மணி, சாவனதுர்கா பாறை மேல் இன்னும் மூடுபனி. முதல் நல்ல பான்கேக் என் மனைவிக்கு. வெண்ணெய் ஒரு துண்டு வைத்து, அது உருகி நடுவில் குளமாக நிற்கும்போது சிரப்பை ஊற்றினேன். குமிழி ஓட்டைகள் வழியாக ஒவ்வொன்றாக உள்ளே இறங்கியது. அவள் ஒரு வாய் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘புகையும் இதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க’ என்றாள். பதினைந்து நாளாக நான் இங்கே இவ்வளவு எழுதியும் சொல்ல வராதது இதுதான். அடுக்களையில் கேஸ் அடுப்பில் இதே மாவு, இதே சிரப் பலமுறை செய்திருக்கிறோம். அது நன்றாகத்தான் இருக்கும். தணலில் சுட்டால் பான்கேக்கின் அடியில் ஒட்டின அந்தத் துளி புகையை சிரப் அடையாளம் கண்டுகொள்கிறது. நெருப்பில் பிறந்ததுதானே.

20 ஜனவரி

நேற்று ஒரு படத்தின் கீழே ‘கருத்த சிரப் மட்ட ரகம், வெளிர் நிறம்தான் உசத்தி’ என்று நான் எழுதியது தவறு. பாட்டிலை மறுபடி பார்த்தேன். இப்போது கடைக்கு வருவது எல்லாமே முதல் தரம்தான். பொன்னிறம், செந்தேன் நிறம், கருமை, மிகக் கருமை என்று நான்கு வகை. முன்பு ஏ, பி என்று பிரித்திருந்ததால் கருத்தது மட்டம் என்ற எண்ணம் பரவியது. அமெரிக்காவில் 2015இல் அதை மாற்றிவிட்டார்கள். பருவத் தொடக்கத்தில் காய்ச்சியது பெரும்பாலும் வெளிறியும், முடிவில் காய்ச்சியது கருத்தும் இருக்கும்.

தணலில் சுடுவதற்கு நான் கருத்ததையே வாங்குவேன். வெளிறியது புகைக்கு முன்னால் நிற்காது.

23 ஜனவரி

இன்னொரு திருத்தம். 40 லிட்டருக்கு 1 லிட்டர் என்பது எப்போதும் பொருந்தும் கணக்கு அல்ல. 86ஐ மரநீரின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுக்க வேண்டும் என்பது அங்கே பழைய வாய்ப்பாடு. 2 சதவீதம் என்றால் 43, 3 சதவீதம் என்றால் 29க்குக் கிட்டே. ஒரே காட்டில் மரத்துக்கு மரம் வேறுபடும். பனையும் அப்படித்தானே, எந்த மரம் இனிக்கும் என்று தாத்தா பெயர் சொல்லிச் சொல்வார்.

2 பிப்ரவரி, இரவு

மாகடியிலிருந்து வந்த பாட்டிலை என் பையன் ஃப்ரிட்ஜில் வைக்காமல் அலமாரியில் வைத்துவிட்டான். இன்று திறந்தால் மேலே வெள்ளையாக ஆடை. பூஞ்சை. இதில் கெடாமல் இருக்க எதுவும் சேர்ப்பதில்லை, திறந்த பிறகு குளிரில்தான் இருக்க வேண்டும். மேலே வழித்துவிட்டுக் கொதிக்க வைத்தால் போதும் என்கிறவர்கள் உண்டு. குழந்தைகள் இருக்கிற வீடு, நான் கொட்டிவிட்டேன். கொட்டும்போது மனசு வலித்தது, பாதி பாட்டில். இனி ஃப்ரீசர்தான். சர்க்கரை அவ்வளவு இருப்பதால் கல்லாக உறையாது, கெட்டியாகும், வெளியே வைத்தால் இளகிவிடும்.

இவ்வளவு விலை போவதைத் திருடுவார்களா என்று கேட்டீர்கள். உலக மேப்பிள் சிரப்பில் 70 சதவீதம் போல கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வருகிறது. விளைச்சல் குறையும் வருஷத்துக்காக அங்கே பீப்பாய் பீப்பாயாகச் சேமித்து வைக்கிறார்கள். 2011, 2012இல் அந்தக் கிடங்கிலிருந்து 3,000 டன்னுக்கு நெருக்கமாகத் திருடிவிட்டார்கள், 1.8 கோடி கனடா டாலருக்கு மேல் மதிப்பு. சிரப்பை எடுத்துவிட்டுப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பினார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டு வெறும் பீப்பாயாக வைத்தார்கள். கணக்குப் பார்க்க மேலே ஏறினவரின் காலடியில் ஒரு பீப்பாய் ஆடியதில் குட்டு வெளிப்பட்டது.

16 பிப்ரவரி

யாரோ சாவனதுர்கா காட்டுக்குள்ளேயே தீ மூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. வனத்துறை நிலத்தில் தீ மூட்டுவது குற்றம், அதைவிட முக்கியம், இப்போது புல் எல்லாம் காய்ந்து கிடக்கிறது. ஒரு பொறி போதும். சொந்த நிலம், தெரிந்தவர் தோட்டம், சுற்றிலும் செதுக்கின வெறும் தரை, பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர். கிளம்பும்போது சாம்பலில் கை வைத்துப் பாருங்கள். கையை வைக்க முடியாவிட்டால் இன்னும் அணையவில்லை.

மழை வரும்வரை நாங்கள் போகப்போவதில்லை.

20 ஏப்ரல், சாத்தான்குளம்

லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். ஜனவரியில் கேட்ட கேள்விக்கு இங்கேதான் சரியான பதில் கிடைத்தது.

விடியற்காலையில் ஐந்து லிட்டர் பதனி வாங்கி வந்தேன். கலயத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கும்படி தெளியவைத்து, வடிகட்டி, கொல்லையில் விறகடுப்பு மூட்டினேன். கையில் பெங்களூரில் வாங்கின வெப்பமானி. தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 டிகிரி கூடினால் சிரப் பதம், இதுதான் மேப்பிள் கணக்கு. சாத்தான்குளத்தில் அது 104. பெங்களூர் மேட்டில் தண்ணீர் 97இலேயே கொதித்துவிடுவதால் அங்கே 101இல் இறக்க வேண்டும். அங்கே செய்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆச்சிக்கு எண்பத்து நாலு வயசு. கட்டிலில் இருந்தவள் வாசனை வந்ததும் எழுந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வெப்பமானியைப் பார்க்கவே இல்லை. அகப்பையை முக்கி எடுத்துச் சரித்தாள். முதலில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சரித்தபோது இரண்டு சொட்டு விளிம்பிலேயே ஒன்றாகச் சேர்ந்து, தகடு மாதிரி வழிந்தது. ‘கூப்பதனி வந்துட்டு, எடுக்கணும்னா இப்ப எடுல’ என்றாள். கூப்பதனி என்றால் கருப்பட்டியாக இறுகுவதற்கு முன் பாகுப் பதத்தில் இருக்கும் பதனி. வெப்பமானியைப் பார்த்தேன், 104. கனடாவில் அந்த மனிதர் கரண்டியைச் சரித்துப் பார்த்ததும் இதே தகட்டுக்காகத்தான்.

பாதியைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டேன். மீதியை ஆச்சி விடவில்லை, இன்னும் காய்ச்சச் சொல்லி, கிண்டச் சொல்லி, இரண்டு சிரட்டையில் ஊற்ற வைத்தாள். ஒரே அண்டாவிலிருந்து பாகும் கருப்பட்டியும்.

ஆக, கேள்வி கேட்டவருக்கு: கருப்பட்டியைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் காய்ச்சின பாகை மேப்பிளோடு ஒப்பிட்டதுதான் தவறு. அது ஒருமுறை கெட்டியாகி மறுபடி கரைந்தது. மேப்பிளுக்கு ஈடாக வைக்க வேண்டியது கூப்பதனியை.

11 மே, இரவு

இரண்டு நல்ல மழை பெய்து தரை நனைந்ததும் மாகடிக்குப் போய்வந்தோம். இந்தமுறை கேள்வி கேட்டவரும் வந்தார், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு. பான்கேக்குக்குத் தனிக் கல், உருளைக்கிழங்கு, தைலச் சுள்ளி கிடையாது. இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒன்றில் கருத்த மேப்பிள், ஒன்றில் கூப்பதனி. எதில் எது என்று நான் சொல்லவில்லை.

அவர் முதல் வாயிலேயே கூப்பதனியைக் கண்டுபிடித்துவிட்டார். அடியில் இருக்கும் அந்த லேசான உப்புக் கரிப்பு நமக்குத் தெரியாமல் போகுமா? மேப்பிளை மூன்று முறை சாப்பிட்டார். ‘நான் அன்றைக்குச் சாப்பிட்டது இது இல்லை’ என்றார். பின்பக்கம் படிக்காமல் வாங்கின பாட்டிலாகத்தான் இருந்திருக்கும். எனக்குக் கூப்பதனி ராகி மாவு கலந்த பான்கேக்குக்கும், மேப்பிள் மைதா, வெண்ணெய்க்கும் பொருந்துவதாகப் பட்டது. அவருடைய மனைவி நேர் எதிராகச் சொன்னார். அடுத்தமுறை ராகியில் நிறைய சுட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கூப்பதனி அங்கேயே காலி. மேப்பிளில் இரண்டு விரல் உயரத்துக்கு மிச்சம் இருக்கிறது, ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், வீட்டில் யாரும் தொடக்கூடாது என்று சொல்லியாயிற்று. ஜூனில் ஊருக்குப் போகும்போது ஆச்சிக்கு எடுத்துப்போக வேண்டும்.